பெருவிரலின் எடை

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே கால் வரை வெல்டர் பார்சல் ஆபீஸில் ஒரு ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தான். எதுவும் சாப்பிடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்த அரைமணி நேரத்தில் அறுநூறு கிராம் கூடிப்போனான். இரண்டு தெரு தள்ளியிருந்த சலூனில் பதினேழு பேர் அவனுக்காகத் தொண்டை கிழிய வாதாடிக்கொண்டிருந்ததுதான் காரணம். முன்பும் பின்பும் எடை போட்டவள் அவனுடைய சொந்த அக்கா. பத்தொன்பது வருஷமாகப் பார்சல் ஆபீஸில் மூட்டையும் பெட்டியும் எடை போடுகிறவள் என்பதால் ஊரில் அவளுக்கு எடைக்காரம்மா என்றே பெயர். அவள் கை தப்பாது என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரே ஒரு தடவை தப்பியது. அதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஊரில் பேச்சுக்கு எடை உண்டு என்பது புதிய விஷயம் அல்ல. தலைக்கனம் என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இங்கே அது கிலோவில் இருந்தது. ஒருவனை மனதார உயர்த்திப் பேசினால் அவன் தலை கனக்கும், மனதாரக் குறை சொன்னால் இறங்கும். வாய்க்கு வந்தபடி அளக்கிற புகழுக்கு ஒரு கிராம்கூடக் கிடையாது. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற அன்று ஐந்தாவது பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும்போது நாற்காலி முறிந்து விழுந்தார். முதல் நான்கு பேச்சாளர்கள் மனதில்லாமல் பேசியிருக்கிறார்கள் என்பது அதில்தான் தெரியவந்தது, அந்த நால்வரோடு அவர் வீட்டார் இன்றுவரை பேசுவதில்லை. மற்றபடி யாருக்கும் இதனால் பெரிய தொந்தரவு இல்லை. கொஞ்ச நாள் கழுத்து வலிக்கும், பேச்சு அடங்கியதும் சரியாகிவிடும். குத்துச்சண்டைக்காரர்களின் பாடு வேறு. அவர்கள் எடைக்குள் நின்றாக வேண்டும்.

சாம்பியன் ஒன்பது வருஷமாகச் சாம்பியன். எழுபது கிலோப் பிரிவில் அவனை அசைக்க ஆள் இல்லை. மாதத்தின் முதல் நாளன்று குத்துச்சண்டைச் சங்கம் ஒரு தாளை ஒட்டியது: கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாம்பியன் ஒரே ஒருவனோடு மோதுவான், அந்த ஒருவன் யார் என்று எட்டு நாள் முன்பு சனிக்கிழமை காலையில் சங்கம் முடிவு செய்யும். போட்டியில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் பேக்கரிக்காரன். பத்தொன்பது சண்டை ஜெயித்தவன், அதில் பதினொன்றில் எதிராளியைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். இன்னொருவன் நம் வெல்டர். ஜெயித்தது பன்னிரண்டுதான். ஆனால் அந்தப் பன்னிரண்டில் ஒன்று, ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே பேக்கரிக்காரனை ஜெயித்தது. பேக்கரிக்காரன் தோற்றது அந்த ஒரு சண்டையில்தான்.

வெல்டருக்கு அடுத்த திங்கட்கிழமை, அதாவது சண்டைக்கு மறுநாள், முப்பத்தைந்து முடிகிறது. முப்பத்தைந்து முடிந்தவன் சாம்பியனுக்குச் சவால் விட முடியாது என்பது சங்கத்தின் சட்டம். ஆக, இந்த ஞாயிறு இல்லாவிட்டால் ஒரு ஞாயிறும் இல்லை. பதினாறு வயதிலிருந்து பற்றவைக்கிற வேலையும் குத்துகிற வேலையும் தவிர வேறொன்றும் தெரியாதவன் அவன். கல்யாணத்தைக்கூடச் சாம்பியன் ஆனதும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டே தலை நரைக்க ஆரம்பித்தவன். அம்மா போனபின் அவனுக்குச் சோறு போட்டு, கை கட்டுப்போட்டு, கண் வீங்கினால் ஐஸ் வைத்து வளர்த்தவள் எடைக்காரி. இந்தச் சண்டை கிடைக்காவிட்டால் தம்பி என்ன ஆவான் என்பதுதான் அவளுக்கு எந்நேரமும் கவலை.

சலூனில் மூன்று நாற்காலி, ஒரு நீள பெஞ்சு. முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் குறைவு, வாதாட வருகிறவர்கள் அதிகம். சலூன்காரரே வெல்டர் கட்சி. கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுப் பேசுவார். பாதி வெட்டிய தலையோடு ஆட்கள் அரைமணி உட்கார்ந்திருப்பார்கள். பேக்கரி கட்சிக்காரர்கள் பத்தொன்பது என்பார்கள், பதினொன்று என்பார்கள். சலூன்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார். அடிச்சவன் இங்கே நிற்கும்போது அடிவாங்கினவனுக்கு அங்கே என்ன வேலை? ஒரு வாரத்துக்குள் பேக்கரி கட்சியிலிருந்தே ஆட்கள் பெஞ்சில் இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார ஆரம்பித்தார்கள். அவர்கள் நகர நகர வெல்டரின் கழுத்து கனத்தது.

அந்தக் கேள்வி எடைக்காரியின் காதில் விழும்போதெல்லாம் அவளுடைய வலது கைப் பெருவிரல் குறுகுறுத்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சண்டைக்கு எடை போட்டவள் அவள்தான். சங்கத்துக்கு அன்றும் இன்றும் அவள்தான் எடைபோடுகிறவள். தராசு பழைய மாதிரி மேடைத் தராசு. பலகையில் ஆள் ஏறி நின்றதும் தண்டின் மேல் குண்டைத் தள்ளி எழுபதில் நிறுத்துவாள். தண்டு மட்டமாக நின்றால் எழுபது, மேலே எழும்பினால் அதிகம். அன்றைக்குத் தண்டு எழும்பியது. முந்நூறு கிராம். தம்பி இரண்டு நாளாகப் பட்டினி, உதடு வெடித்திருந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். பெருவிரல் தானாகப் போய்த் தண்டின் நுனியில் உட்கார்ந்தது. தண்டு ஆடாமல் மட்டமாக நின்றது. எழுபது என்று படித்தாள், எழுதினார்கள். ஊரில் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

அதற்குப் பிறகு தம்பிக்கு ஒரு பழக்கம் வந்தது. சனிக்கிழமை தவறாமல் காலை ஏழு மணிக்கு, பார்சல் இறங்குவதற்கு முன்னால், பார்சல் ஆபீஸுக்கு வந்து தராசில் ஏறுவான். ஏறியதும் ஒரே வார்த்தையைச் சொல்வான். “கைய எடுத்துட்டுப் படிக்கா.” சின்ன வயதிலிருந்து அவளைச் சீண்டுகிறவன், இதுவும் அந்தச் சீண்டல் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு படிப்பாள். அறுபத்தொன்பதரை, அறுபத்தொன்பதே முக்கால். ஒருநாளும் எழுபதைத் தாண்டியதில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவான்.

இப்போது அதே தராசு எழுபத்திரண்டரை காட்டியது. வெல்டர் தெருத்தெருவாக ஓடினான், பிளாஸ்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு பட்டறை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்தான், வேகவைத்த முட்டையின் வெள்ளையை மட்டும் தின்றான். உடம்பு இளைத்துக்கொண்டே போனது, தலை கனத்துக்கொண்டே போனது. விலா எலும்பை எண்ணலாம். ஆனால் படுத்தால் தலைக் கனத்தில் கட்டில் நார் தொய்ந்து தலையணை தரையைத் தொட்டது. புதன்கிழமை எடைக்காரி பொறுக்க முடியாமல் சலூனுக்கே போய்ப் படியில் நின்றாள். அவனைப் பற்றிப் பேசாதீர்கள், அவன் அவ்வளவு பெரிய ஆள் இல்லை, புண்ணியமாகப் போகும் என்று கும்பிடாத குறையாகக் கேட்டாள். அவள் போனதும் சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்படிப்பட்ட குடும்பம் பாருங்கய்யா, இந்த அடக்கம் யாருக்கு வரும் என்றார். பதினேழு பேரும் ஆமோதித்தார்கள். அன்று சாயங்காலம் வெல்டர் இன்னும் இருநூறு கிராம் கூடியிருந்தான்.

சாம்பியன் மட்டும் எப்படி ஒன்பது வருஷமாக எழுபதுக்குள் நிற்கிறான் என்ற கேள்வி அப்போதுதான் அவளுக்கு எழுந்தது. ஊரே கொண்டாடுகிறவன் அல்லவா? யோசித்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவை எடைபோட வரும்போதும் சாம்பியன் தன் மாமியாரோடுதான் வருவான். எடைக்கு முன்னால் பக்கத்து அறையில் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் இருப்பார்கள். மாமியார்மேல் மருமகனுக்கு இப்படி ஒரு மரியாதையா என்று சங்கத்தில் எல்லோரும் மெச்சிக்கொள்வார்கள். வியாழக்கிழமை மதியம் எடைக்காரி அந்த அம்மாளின் சலவைக் கடைக்குப் போனாள். அந்த அம்மாள் ஒரு வெள்ளைச் சட்டையின் காலரை இஸ்திரி போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“திட்டணும்” என்றாள். “ஒரு மணி நேரம் நிறுத்தாம திட்டணும். ஆனா ஒண்ணு, பொய்யாத் திட்டினா ஒரு கிராம்கூட இறங்காது. நெஜமான குறையா இருக்கணும், உன் மனசுல கெடந்து உறுத்தணும். எனக்கென்ன, என் மருமகன்கிட்ட குறைக்கா பஞ்சம்?”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்சல் ஆபீஸைப் பூட்டுவதற்கு முன்னால் எடைக்காரி தம்பியை முக்காலியில் உட்காரவைத்துத் திட்டினாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிற பழக்கம் இருபது வருஷமாகப் போகவில்லை. குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று பயிற்சியை முடித்துக்கொண்டுதான் வந்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். எடை போட்டதில் நானூறு கிராம் இறங்கியிருந்தது. மேலே யோசித்தாள், வேறு எதுவும் அகப்படவில்லை. அவன் நல்லவன், என்ன செய்ய? கஞ்சன், மூர்க்கன், ஊதாரி என்று இல்லாததை எல்லாம் சொல்லிப் பார்த்தாள், தண்டு அசையவே இல்லை. இன்னும் இரண்டு கிலோ முந்நூறு பாக்கி இருந்தது. உறுத்துகிற குறை ஒன்று அவளிடம் இருக்கத்தான் செய்தது. அது அவனுடையது அல்ல, அவளுடையது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கத்து ஹாலில் நிற்க இடமில்லை. டயர் கிடங்குக்கு மேல்மாடியில் இருந்த ஹால் அது, ஜன்னலெல்லாம் திறந்தும் ரப்பர் வாடை போகாது. செயலாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விதியைப் படித்தார். எழுபதுக்குள் நிற்கிறவன் பெயர்தான் ஓட்டுக்கு வரும். இருவரும் நின்றால் ஓட்டு, ஒருவன் நின்றால் அவனே. முதலில் வெல்டர் பலகையில் ஏறினான். எடைக்காரி குண்டை எழுபதுக்குத் தள்ளினாள். தண்டு டக்கென்று மேலே போய் முட்டிக்கொண்டு நின்றது. குண்டை நகர்த்தி நகர்த்தி எழுபத்திரண்டு முந்நூறில் நிறுத்தினாள். ஹாலில் உச்சுக் கொட்டுகிற சத்தம் எழுந்தது. பாவம், தங்கமான ஆளு என்று யாரோ சொல்ல, அதில் ஐம்பது கிராம் ஏறியது. செயலாளர் பேனாவைத் திறந்து வெல்டர் பெயரை அடிக்கக் குனிந்தார்.

அவன் தலையில் ஏறியிருக்கிற கனம் எல்லாமே தன்னுடைய முந்நூறு கிராமின் மேல் கட்டியது என்பது அந்த நொடியில் எடைக்காரிக்கு நெஞ்சில் அறைந்தாற்போல் விளங்கியது. அவள் எதையும் கணக்குப் போடவில்லை. பேனா தாளைத் தொடுவதற்கு முன்னால் வாய் திறந்துகொண்டது.

“அடிக்காதீங்க. ஆறு வருஷம் முன்னாடி பேக்கரிக்காரரோட சண்டை அன்னைக்கு இவன் முந்நூறு கிராம் அதிகம். நான்தான் விரல வெச்சு அமுக்கினேன். இந்த விரலு.”

பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள். கீழே கிடங்கில் யாரோ டயரை உருட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சலூன்காரர் பெஞ்சிலிருந்து மெதுவாக எழுந்து, அப்போ அந்தச் சண்டை செல்லாதா என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. பதிலுக்குத் தண்டு கீழே வந்தது. செயலாளர் எடைக்காரியை விலக்கிவிட்டுத் தானே குண்டைப் பிடித்தார். எழுபத்தொன்று, எழுபது, அறுபத்தொன்பது. அறுபத்தெட்டில் வந்துதான் நின்றது. அங்கே நிற்கிறவர்களில் ஒருவர்கூட இப்போது அவனைத் தகுதியானவன் என்று நினைக்கவில்லை.

அடுத்துப் பேக்கரிக்காரன் ஏறினான். காலையில் பேக்கரித் தராசில் அறுபத்தொன்பது இருந்தவன். இவன்தான்யா உண்மையானவன், ஆறு வருஷமா அநியாயமா தோத்தவன்னு பேர் வாங்கிட்டானே என்று ஹால் முழுக்க ஒரே குரலாக எழுந்தது. எல்லாம் மனதாரச் சொன்னது. தண்டு எழும்பி முட்டியது. ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் விஷயம் தெருவெல்லாம் பரவி, ஊரே அவனுக்காக இரக்கப்பட்டு, எழுபத்துமூன்றரைக்கு ஏறிவிட்டான். பேக்கரிக்காரன் தலையைப் பிடித்துக்கொண்டு, சும்மா இருங்கய்யா என்று அழுதான். அதற்கும் இரக்கப்பட்டார்கள். செயலாளர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, தகுதி இருக்கிறவன் எடையில இல்ல, எடையில இருக்கிறவனுக்குத் தகுதி இல்ல, நான் என்ன பண்ண என்று சொல்லி வெல்டர் பெயரை எழுதினார். சண்டை கிடைத்தது. கிடைத்த விதத்தைப் பார்த்து ஒருவரும் கை தட்டவில்லை. வெல்டர் பலகையிலிருந்து இறங்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு அக்காவைப் பார்க்காமல் படியிறங்கிப் போனான்.

அந்த எட்டு நாளும் அவன் வீட்டுக்கு வரவில்லை. பட்டறையிலேயே படுத்தான். எடைக்காரி கொண்டுபோய் வைத்த சாப்பாட்டுத் தூக்கைக் காலி செய்து வாசலில் வைத்திருப்பான், ஒரு பேச்சு கிடையாது. சங்கம் அவளை எடை போடும் பொறுப்பிலிருந்து நீக்கியது. பார்சல் ஆபீஸில்கூட ஆட்கள் தங்கள் பெட்டியை இரண்டு தடவை எடை போடச் சொன்னார்கள். அவள் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. ஊர் தம்பியைத் திட்டுவதுதான் அவளைத் தின்றது. ஏமாற்றுக்காரன் என்றார்கள், அக்கா முந்தானைக்குள் நின்று ஜெயித்தவன் என்றார்கள், சலூன்காரர் அவன் போட்டோவைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிட்டார். பேச்சுக்குப் பேச்சு வெல்டரின் எடை இறங்கியது. செவ்வாய்க்கிழமை ஐம்பத்தைந்து, வியாழக்கிழமை நாற்பது. காற்று அடிக்கிற நாளில் தெருவில் நடக்க முடியாமல் இரண்டு பாக்கெட்டிலும் இரும்புத் துண்டுகளைப் போட்டுக்கொண்டு நடந்தான். எழுபதைத் தாண்டக் கூடாது என்றுதான் புத்தகத்தில் இருந்தது, குறைந்தால் என்ன செய்வது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. அவனுடைய மூலையில் தண்ணீர் வாளியோடு நிற்க ஒருவனும் முன்வராததால் எடைக்காரியே போய் நின்றாள். அவன் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எதிர் மூலையில் சாம்பியன். அன்று காலையில் மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தாள், எழுபதுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றான். ஆனால் எடைபோட்ட பிறகு ஏழு மணி நேரம் ஓடிவிட்டது. இப்போது ஹால் முழுக்க அவன் பெயர்தான். மணி அடித்து முதல் ரவுண்டு தொடங்கியபோதே அவன் தாடை மார்பை நோக்கி லேசாகத் தொங்க ஆரம்பித்திருந்தது.

மூன்று ரவுண்டுகள் பார்க்கவே சங்கடமாக இருந்தன. சாம்பியன் குத்தினால் வெல்டர் ஜன்னல் திரை மாதிரி விலகிப்போய்த் திரும்பி வந்தான். வலிக்கவில்லை. அவன் திருப்பிக் குத்தினால் சாம்பியனுக்கும் வலிக்கவில்லை. முப்பது கிலோக்காரன் கையில் என்ன இருக்கும்? கூட்டம் ஊளையிட்டது. ஒவ்வொரு ஊளைக்கும் அவன் குதிகால் சண்டை மேடையின் பலகையிலிருந்து எழும்பி, நுனிக்காலில் நின்றான். மூன்றாவது ரவுண்டு முடிந்து மூலைக்கு வந்தவனை எடைக்காரி தோளைப் பிடித்து அழுத்தித்தான் ஸ்டூலில் உட்காரவைக்க வேண்டியிருந்தது. பல் கவசத்தை எடுத்து வாயில் தண்ணீர் ஊற்றினாள். எட்டு நாளைக்குப் பிறகு அவன் பேசினான்.

“அன்னைக்கே எனக்குத் தெரியும்க்கா. மேல நின்னவனுக்குத் தெரியாதா? தண்டு கொஞ்சம்கூட ஆடாம நின்னுச்சு. கை வெக்காம அப்படி நிக்காது.”

“அப்பவே ஏண்டா சொல்லல?”

“சொன்னா உன் வேலை போயிருக்கும். சொல்லாததும் தப்புதான். உன்மேல எனக்குக் கோவம் இல்ல, உன் மூஞ்சியப் பாக்க வெக்கமா இருந்துச்சு. அதான் வரல.”

மணி அடித்துவிட்டது. கவசத்தை வாயில் திணித்து அவனை எழுப்பிவிட்டாள். கைய எடுத்துட்டுப் படிக்கா. சீண்டல் இல்லை அது. ஆறு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் அவன் வந்து நின்றது எதற்கு என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சொல்ல முடியாத தப்பு ஒன்றுக்காக, வாரம் ஒரு தடவை, யாரும் கேட்காமல், நேராக வந்து நின்றிருக்கிறான்.

நான்காவது ரவுண்டின் நடுவில் வெல்டரின் இரண்டு காலும் பலகையைவிட்டு எழும்பின. முதலில் விரற்கடை, பிறகு ஒரு சாண். கூட்டம் சிரித்தது, சிரிப்பு அவனை இன்னும் ஒரு சாண் தூக்கியது. சாம்பியன் குத்துவதை நிறுத்திவிட்டு நடுவரைப் பார்த்தான். நடுவர் புத்தகத்தை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாத மனிதர். இரண்டு பாதமும் தரையில் இல்லாதவன் நிற்பவன் அல்ல என்று விதியில் இருந்தது. விழுந்தவனுக்குத்தான் அது எழுதியது, ஆனால் எந்தப் பக்கம் விழுந்தவன் என்று எழுதவில்லை. அவர் சாம்பியனை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, கையை நீட்டி எண்ண ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு.

வெல்டர் அந்தரத்தில் கையைக் காலை உதைத்தான். கயிற்றைப் பிடிக்கப் பார்த்தான், எட்டவில்லை. மூன்று. நான்கு. இறங்குடா, இறங்குடா என்று எடைக்காரி கத்தினாள், அது வெறும் கத்தல், அதற்கு எடை கிடையாது. ஐந்து. அவன் கீழே அவளைப் பார்த்தான். முப்பத்தைந்து வயதுக்கு ஒரு நாள் குறைந்த அந்த முகத்தில் பயம் இருந்தது. ஆறு. எடைக்காரி வாளியைக் கீழே வைத்தாள். மேடை விளிம்பில் ஏறிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹாலைப் பார்த்துத் திரும்பினாள். வாழ்நாளில் அவள் தம்பியை ஒரு வார்த்தை புகழ்ந்ததில்லை. புகழ்ந்தால் கெட்டுப்போவான் என்பது அவள் எண்ணம்.

“முன்னூத்திப் பன்னெண்டு சனிக்கிழமை” என்றாள். ஹாலின் கடைசி வரிசை வரை கேட்டது. “முன்னூத்திப் பன்னெண்டு சனிக்கிழமை இவனா வந்து தராசுல ஏறினான். கைய எடுத்துட்டுப் படின்னு சொன்னான். நீங்க பேச ஆரம்பிக்கிற வரைக்கும் ஒரு தடவைகூட எழுபதத் தாண்டல. தப்புப் பண்ணது நான். அத ஆறு வருஷமா நின்னு கழிச்சது இவன். இந்தச் சண்டைக்கு இவனுக்குத் தகுதி இல்லன்னா எவனுக்கும் இல்ல.”

எட்டு என்று நடுவர் சொன்னபோது வெல்டரின் பெருவிரல்கள் பலகையைத் தொட்டன. ஒன்பதுக்குக் குதிகால் அழுந்தியது, பலகை முனகியது. பதினேழு பேர் மூன்று வாரம் பேசி ஏற்றியது இரண்டரைக் கிலோ. ஒருத்தி ஒரு மூச்சில் சொன்னதில் எழுபது கிலோ இறங்கி வந்தது, அதுவும் தலைக்குப் போகவில்லை, நேராகக் காலுக்குப் போனது. நடுவர் நீட்டிய கையை மடக்கினார். சலூன்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

வெல்டர் இரண்டு எட்டு வைத்து முன்னால் போனான். சாம்பியன் கையை உயர்த்தினான், தலையை உயர்த்த அவனால் முடியவில்லை. வெல்டர் இடதில் ஒன்று காட்டி வலதில் குத்தினான். அந்தக் குத்தில் எழுபது கிலோவும் இருந்தது. சாம்பியன் தலை முன்னால் போக, உடம்பு பின்னால் வர, குப்புற விழுந்தான். நடுவர் எண்ண ஆரம்பித்ததும் முதல் வரிசையில் இருந்து மாமியார் எழுந்துவிட்டாள். சோம்பேறி, வாய் நாறி, பெண்டாட்டி பிறந்தநாளை மறந்தவன் என்று மூச்சு விடாமல் திட்டினாள். திட்டத் திட்டச் சாம்பியனின் தலை பலகையிலிருந்து எழும்பியது, ஒரு முழங்கை ஊன்றினான். ஏழாம் எண்ணிக்கையில் அவன் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டுவதை அந்த அம்மாள் பார்த்துவிட்டாள். குரல் மாறிவிட்டது.

“போதும்டா சாமி” என்றாள். “ஒம்பது வருஷம் என் வாய்க்கும் சேத்து அடி தாங்கினியே. உன்ன மாதிரி ஒருத்தன் உண்டா?”

அது மனதாரச் சொன்னது. சாம்பியனின் தலை மறுபடி பலகையில் போய் ஒட்டிக்கொண்டது. பத்து எண்ணி முடித்த பிறகும் அதைத் தூக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

வெல்டர் முப்பத்தைந்து முடிவதற்கு ஏழு மணி நேரம் இருக்கும்போது சாம்பியன் ஆனான். மறுநாளே சலூனில், புதுச் சாம்பியனோடு மோதத் தகுதியானவன் பேக்கரிக்காரனா வேறு எவனாவதா என்ற பேச்சு தொடங்கியது. போட்டோ கண்ணாடிக்குத் திரும்பி வந்தது, அதன் கீழே, எடை போடும் வாரத்தில் இங்கே யாரையும் உயர்த்திப் பேசக் கூடாது என்று சலூன்காரர் ஒரு பலகை எழுதி மாட்டினார். சங்கம் எடைக்காரியைத் திரும்பக் கூப்பிட்டது. வேறு யாருக்கும் அந்தத் தராசு பிடிபடவில்லை என்றார்கள். பேக்கரிக்காரன் அவளிடம் வந்து, அந்தச் சண்டையை ஒரு தடவை சரியாகப் போட்டுப் பார்க்கலாம், விரல் வைக்காமல் எடை போடும்மா என்று கேட்டான். அவள் தலையை அசைத்துச் சரி என்றாள், அடுத்த மாதம் அந்தச் சண்டை நடக்க இருக்கிறது.

சாம்பியன் ஆனபிறகும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வெல்டர் பார்சல் ஆபீஸுக்கு வந்துவிடுகிறான். ஊர் பேசுகிற பேச்சில் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். முதல் அரைமணி நேரம் எடைக்காரி அவனை உட்காரவைத்துத் திட்டுகிறாள். ஈரத் துண்டு இன்னும் கட்டிலில்தான் கிடக்கிறது என்பதால் விஷயத்துக்குக் குறைவில்லை. பிறகு அவன் பலகையில் ஏறுகிறான். ஒன்றும் சொல்வதில்லை, இப்போது சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அவள் குண்டை எழுபதுக்குத் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கி அவனுக்குக் காட்டிவிட்டுத்தான் படிக்கிறாள்.